எஸ்டி கார்டிலும் இஎம்எம்சியிலும் ஓஎஸ் இமேஜ் எழுதுவது: முழுமையான வழிகாட்டி

ராஸ்பெர்ரி பை ஆகட்டும், ராக்சிப், ஆல்வின்னர், ஐ.எம்எக்ஸ் சிப்கள் உள்ளவை ஆகட்டும், எந்தச் சிறு கணினி போர்டாக இருந்தாலும், எஸ்டி கார்டிலோ போர்டிலேயே உள்ள இஎம்எம்சி மெமரியிலோ ஓஎஸ் இமேஜை எழுதும் கட்டளை ஒரே வரிதான். ஆனால் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது அந்த வரியில் அல்ல, அதற்கு முன்னும் பின்னும். டிரைவை மாற்றி எழுதிவிடுகிறார்கள், எழுதி முடியும் முன்பே கார்டைப் பிடுங்குகிறார்கள், சரிபார்க்காமலேயே போர்டில் போட்டுவிட்டு போர்டு கெட்டுப்போனதாக நினைக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம், அதை மாற்றாதீர்கள்.

1. முதலில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று

இமேஜ் என்பது ஒரு முழு டிஸ்க்கின் பைட்டுக்குப் பைட் நகல். டிஸ்க்கின் பிரிவுகளைப் பட்டியலிடும் பார்ட்டிஷன் டேபிள், துவக்கக் கோப்புகள் உள்ள பூட் பார்ட்டிஷன், ஓஎஸின் கோப்புகள் உள்ள ரூட் ஃபைல்சிஸ்டம் எல்லாம் அதற்குள்ளேயே வரிசையாக இருக்கின்றன. பல இமேஜ்களில் எந்தப் பார்ட்டிஷனுக்குள்ளும் சேராத பூட்லோடரும், அதாவது ஓஎஸை ஏற்றும் சிறு நிரலும், இருக்கும்.

ஆகவே அந்தக் கோப்பை கார்டுக்குள் இழுத்துப் போட்டால் போர்டு பூட் ஆகாது. கார்டில் ஒரு பெரிய கோப்பு இருக்கும், அவ்வளவுதான். இமேஜின் முதல் பைட் கார்டின் முதல் பைட்டில் போய் உட்கார வேண்டும்.

ஏன் இவ்வளவு துல்லியம்? மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் இருக்கும் பூட் ரோம் கார்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் போய்ப் படிக்கிறது. ஆல்வின்னர் சிப்கள் கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளிப் பார்க்கும். ராக்சிப் 64ஆம் செக்டரில், அதாவது 32 கேபியில் பார்க்கும். ஐ.எம்எக்ஸ்6 பார்ப்பது 1 கேபியில். அந்த இடத்தில் பூட்லோடர் இல்லையென்றால் போர்டு ஒரு எழுத்தைக்கூடத் திரையில் காட்டாது. ராஸ்பெர்ரி பை வேறு வகை. அது முதல் ஃபேட் பார்ட்டிஷனில் உள்ள கோப்புகளைத் தேடும். அதனால் ஒரு போர்டில் பழகிய வழக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

நல்ல கார்டு ஒன்று, நம்பகமான கார்டு ரீடர் ஒன்று, போர்டின் துல்லியமான மாடல் பெயர், போர்டுக்கேற்ற பவர் அடாப்டர். முடிந்தால் 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கேபிளும் வைத்துக்கொள்ளுங்கள். பூட் ஆகாத நாளில் ஊகிப்பதை நிறுத்தி உண்மையைக் காட்டும் ஒரே கருவி அதுதான்.

புதிய கார்டை முதலில் சோதித்துவிடுங்கள். உறையில் 64 ஜிபி என்று இருக்கும், உள்ளே அதில் ஒரு பகுதிதான் உண்மையான மெமரி. அப்படிப்பட்ட போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு. இமேஜ் சிறியதாக இருந்தால் எழுதும்போது எந்தப் பிழையும் வராது. பல நாள் கழித்து கார்டு நிரம்பும்போதுதான் ஃபைல்சிஸ்டம் சிதையும். லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ. இவை கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லும்.

வேகக் குறியீட்டில் எது முக்கியம் என்பதிலும் குழப்பம் உண்டு. கிளாஸ் 10 என்பது தொடர்ச்சியாக எழுதும் வேகம், விநாடிக்கு 10 எம்பி. கேமராவுக்கு அது போதும். ஓஎஸ் ஓடும்போது நடப்பது சிறு சிறு சிதறலான வாசிப்பும் எழுத்தும். அதைக் குறிப்பது ஏ1, ஏ2 என்ற முத்திரை. ஏ1 என்றால் விநாடிக்குக் குறைந்தது 1500 சிதறல் வாசிப்பு, 500 சிதறல் எழுத்து. போர்டுக்கு வாங்கும்போது இந்த முத்திரையைத்தான் பாருங்கள்.

3. சரியான இமேஜ், முழுமையான இமேஜ்

மாடல் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் இமேஜ் மாறலாம். ஆர்ம் சிப்களில் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயும், ராம் சிப்பைத் துவக்கும் பூட்லோடரும் போர்டுக்கு போர்டு வேறு. ஒரே சிப் உள்ள இரண்டு போர்டுகளுக்குக்கூட ஒரே இமேஜ் ஓடும் என்று எண்ண வேண்டாம்.

ஓபன்டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டர் ஓஎஸ்களில் இன்னொரு பொறி. ஒரே போர்டுக்குப் பல கோப்புகள் கிடைக்கும். ஏற்கெனவே ஓடும் ரவுட்டரை மேம்படுத்த ஒன்று, புதிதாக கார்டில் எழுத ஒன்று, ரூட் ஃபைல்சிஸ்டம் மட்டும் உள்ள ஒன்று. கடைசியானதை கார்டில் எழுதினால் பூட் ஆகாது, ஏனென்றால் அதில் பார்ட்டிஷன் டேபிளே கிடையாது.

பதிவிறக்கியதும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 மதிப்பைக் கணக்கிட்டு, வெளியிட்டவர்கள் கொடுத்ததுடன் ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம் பெரும்பாலும் எந்தச் சத்தமும் இல்லாமல் கோப்பாக உட்கார்ந்திருக்கும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: கொடுக்கப்பட்ட மதிப்பு சுருக்கப்பட்ட கோப்புக்கா, விரித்த இமேஜுக்கா? பெரும்பாலும் சுருக்கப்பட்டதற்குத்தான். விரித்ததோடு ஒப்பிட்டுவிட்டு கோப்பு கெட்டது என்று திரும்பத் திரும்ப இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. டிரைவை அடையாளம் காணுதல்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். எழுதும் கட்டளை எதையும் கேட்காது. மடிக்கணினியின் சொந்த டிஸ்க்கைக் கொடுத்தாலும் எழுதிவிடும்.

லினக்ஸில் செய்ய வேண்டியது இது. கார்டைப் போடும் முன், டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். கார்டைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது பட்டியலில் புதிதாக வந்தது எதுவோ அதுதான் உங்கள் கார்டு. பிறகு கொள்ளளவைப் பாருங்கள். 32 ஜிபி கார்டு அங்கே 29.7 அல்லது 29.8 என்று தெரியும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கத்திலும், கட்டளை 1024இன் பெருக்கத்திலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது.

யுஎஸ்பி ரீடரில் கார்டு எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயரில் வரும். மடிக்கணினியின் உள் ரீடரில் எம்எம்சிபிஎல்கே0 என்று வரலாம். இவை முழு டிரைவின் பெயர்கள். எஸ்டிபி1, எம்எம்சிபிஎல்கே0பி1 என்பவை பார்ட்டிஷன்கள். எழுத வேண்டியது எப்போதும் முழு டிரைவில். பார்ட்டிஷனில் எழுதினால் இமேஜ் முழுவதும் அந்தப் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்துக்குத் தள்ளிப் போய்விடும். பூட் ரோம் பார்க்கும் இடத்தில் பழைய குப்பைதான் இருக்கும். "எழுதி முடித்தேன், பிழையே வரவில்லை, ஆனால் பூட் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கடைசியில் ஒரு எண் இருந்ததா என்பதைத்தான்.

நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசியாக இருக்கலாம். செருகிய வரிசைப்படி பெயர் வைக்கப்படுகிறது. கட்டளை வரலாற்றில் மேல் அம்புக்குறியை அழுத்தி பழைய வரியை அப்படியே ஓட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அடிக்கடி எழுதுபவர்கள் டெவ் அடைவில் டிஸ்க், பை-ஐடி என்ற உள்ளடைவில் ரீடரின் பெயரோடு வரும் நிலையான பாதையைப் பயன்படுத்தலாம்.

பெயரைத் தவறாகத் தட்டினால் இன்னொரு விசித்திரமும் நடக்கும். அந்தப் பெயரில் டிரைவே இல்லையென்றால், இமேஜை எழுதும் டிடி கட்டளை அங்கே ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கி, அதில் இமேஜை எழுதிவிடும். டெவ் அடைவு இருப்பது ராமில். அதனால் எழுத்து நம்பமுடியாத வேகத்தில் முடியும், கார்டில் ஒன்றுமே இருக்காது. விநாடிக்கு ஒரு ஜிபிக்கு மேல் வேகம் காட்டினால் மகிழ வேண்டாம், பெயரைப் பாருங்கள். அந்தக் கோப்பை அழிக்கும்வரை அந்தப் பெயரில் வரவேண்டிய டிரைவும் ஒழுங்காக வராது. டிடியின் கான்வ் விருப்பத்தில் நோகிரியேட் என்று சேர்த்தால் இந்த ஆபத்து இல்லை.

மேக்கில் டிஸ்க்யுடில் பட்டியலைப் பாருங்கள். அங்கே டிஸ்க்4 என்று இருந்தால், எழுதும்போது முன்னால் ஆர் எழுத்தைச் சேர்த்து ஆர்டிஸ்க்4 என்று கொடுங்கள். இடையில் உள்ள பஃபரைத் தவிர்ப்பதால் வேகம் பல மடங்கு கூடும். விண்டோஸில் கட்டளையோடு மல்லுக்கட்டாமல் எட்ச்சர், ரூஃபஸ் அல்லது ராஸ்பெர்ரி பை இமேஜரைப் பயன்படுத்துங்கள். அங்கேயும் டிரைவ் எழுத்தை நம்பாமல் கொள்ளளவைப் பாருங்கள். தேவையில்லாத எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

5. அன்மவுண்ட் செய்தல்

கார்டைச் செருகியதும் டெஸ்க்டாப் அதன் பார்ட்டிஷன்களைத் தானாகவே மவுண்ட் செய்திருக்கும், அதாவது பயன்பாட்டுக்குத் திறந்து வைத்திருக்கும். அப்படியே எழுதினால், நீங்கள் எழுதிய புதிய பைட்களின் மேல் பழைய ஃபைல்சிஸ்டத்தின் தகவலை ஓஎஸின் மையமான கர்னல் மறுபடி எழுதிவிடக்கூடும்.

ஆகவே ஒவ்வொரு பார்ட்டிஷனையும் அன்மவுண்ட் செய்யுங்கள். எஜெக்ட் செய்ய வேண்டாம். எஜெக்ட் செய்தால் பல ரீடர்களில் டிரைவே மறைந்துவிடும். மேக்கில் இதற்கு அன்மவுண்ட்டிஸ்க் என்ற துணைக்கட்டளை இருக்கிறது, முழு டிரைவையும் ஒரே தடவையில் விடுவிக்கும்.

6. எழுதுதல்

டிடி கட்டளைக்கு ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள். உள்ளீடு இமேஜ் கோப்பு. வெளியீடு முழு டிரைவ். பிளாக் அளவு 4 எம்பி. முடிவில் எஃப்சிங்க் செய். முன்னேற்றத்தைக் காட்டு.

பிளாக் அளவைக் கொடுக்காவிட்டால் 512 பைட்டாக எழுதும், மிக மெதுவாக நகரும். 1 எம்பி முதல் 4 எம்பி வரை எதுவும் சரி. அதற்கு மேல் கூட்டுவதால் பயன் இல்லை, தடை கார்டின் வேகம்தான்.

எஃப்சிங்க் ஏன்? லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ராமில் சேர்த்து வைக்கிறது. முன்னேற்றம் முதல் சில விநாடிகளில் பறந்து, பிறகு நின்றது போலத் தெரிவதற்கு அதுவே காரணம். எஃப்சிங்க் இருந்தால் கடைசிப் பைட் கார்டுக்குப் போகும்வரை கட்டளை முடியாது. நூறு சதவீதம் வந்தும் கட்டளை திரும்பவில்லை என்றால் அது தொங்கவில்லை, வேலை செய்கிறது. காத்திருங்கள். சந்தேகம் இருந்தால் ப்ராக் அடைவில் மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்து டர்ட்டி என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் எழுத்து நடக்கிறது என்று பொருள்.

எக்ஸ்இசட் முறையில் சுருக்கிய இமேஜை அப்படியே டிடிக்குக் கொடுப்பது பரவலான தவறு. அது சுருக்கத்தை விரிக்காது. சுருக்கப்பட்ட பைட்களை அப்படியே கார்டில் எழுதிவிடும், பிழையும் காட்டாது. முதலில் விரித்துக்கொள்ளுங்கள், அல்லது எக்ஸ்இசட்கேட்டின் வெளியீட்டைக் குழாய் வழியாக டிடிக்குக் கொடுங்கள். குழாய் வழியாகக் கொடுக்கும்போது ஃபுல்பிளாக் என்ற உள்ளீட்டுக் கொடியையும் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் பிளாக்குகள் பாதி பாதியாக வந்து எழுத்து மெதுவாகும். எட்ச்சரும் பை இமேஜரும் தாமாகவே விரித்துக்கொள்ளும்.

லினக்ஸ் இமேஜ் கட்டும் கருவியான யாக்டோவில் நீங்களே கட்டிய இமேஜ் என்றால், விக் என்ற இமேஜ் கோப்புடன், தரவு எங்கெங்கே உள்ளது என்று சொல்லும் பிமேப் கோப்பும் கிடைத்திருக்கும். அங்கே டிடியை மறந்துவிட்டு பிமேப்டூலைப் பயன்படுத்துங்கள். உண்மையில் தரவு உள்ள பிளாக்குகளை மட்டும் எழுதுவதால் நேரம் வெகுவாக மிச்சமாகும். ஒவ்வொரு பகுதியின் ஹாஷையும் சரிபார்த்துக்கொண்டே எழுதும். மவுண்ட் ஆன டிரைவில் எழுதவும் மறுக்கும். தினமும் எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இடம் போதவில்லை என்று பாதியில் நின்றால், இமேஜ் கார்டைவிடப் பெரியது. ஒரு 32 ஜிபி கார்டிலிருந்து எடுத்த நகல் இன்னொரு நிறுவனத்தின் 32 ஜிபி கார்டில் கொள்ளாமல் போகலாம், கார்டுகளின் உண்மையான அளவு சற்றே வேறுபடும். நகலில் உள்ள பார்ட்டிஷனின் அளவை முதலில் சிறிதாக்க வேண்டும். பாதி எழுதிய கார்டு சில வேளைகளில் பூட் ஆகவும் செய்யும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

7. மவுண்ட் ஆகும் முன் சரிபார்த்தல்

பலர் தாண்டிப் போகும் படி இது. பூட் ஆகாதபோது கார்டா, இமேஜா, போர்டா என்று பிரித்தறிய உதவுவது இதுதான்.

எழுதி முடிந்ததும் கார்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள். கழற்றாமல் படித்தால் ராமில் இருக்கும் நகலையே படித்துவிட்டு "சரி" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. டெஸ்க்டாப்பின் தானியங்கி மவுண்டை இந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள். லினக்ஸின் ஃபைல்சிஸ்டமான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷனை எழுதும் வசதியோடு மவுண்ட் செய்தாலே கடைசியாக மவுண்ட் ஆன நேரம் சூப்பர்பிளாக்கில் பதிவாகிவிடும். விண்டோஸும் மேக்கும் ஃபேட் பார்ட்டிஷனில் தங்கள் மறைவுக் கோப்புகளை வைத்துவிடும். அதற்குப் பிறகு ஒப்பிட்டால் பொருந்தாது, நல்ல கார்டையும் கெட்டது என்று தூக்கிப் போடுவீர்கள்.

பிறகு பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் சிஎம்பி கட்டளையில் விரித்த இமேஜின் பைட் எண்ணிக்கையை எல்லையாகக் கொடுத்து, இமேஜையும் டிரைவையும் ஒப்பிடுங்கள். எல்லை முக்கியம். கார்டு இமேஜைவிடப் பெரியது, மீதியில் என்ன இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. எதுவும் அச்சிடாமல் கட்டளை முடிந்தால் எல்லாம் பொருந்துகிறது. எட்ச்சரிலும் பை இமேஜரிலும் எழுதிய பின் இந்தச் சரிபார்ப்பு தானாக நடக்கும். நேரம் மிச்சம் என்று அதை ரத்து செய்யாதீர்கள்.

எழுதியது பிழையின்றி முடிந்தும் கார்டில் பழைய தரவே இருக்கிறதா? ஆயுள் முடிந்த சில கார்டுகள் அப்படித்தான் நடக்கும். எழுத்தை ஏற்பதாகக் காட்டிவிட்டு எதையும் மாற்றாது. அந்தக் கார்டுக்கு மருந்து இல்லை.

8. முதல் பூட்டுக்கு முன்

விண்டோஸில் கார்டை மறுபடி செருகினால் "டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வரும். எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறது. ரத்து செய்யுங்கள். ஃபார்மட்டை அழுத்தினால் இப்போது எழுதிய ரூட் ஃபைல்சிஸ்டம் போய்விடும்.

திரை இல்லாமல் ஓட்டப்போகும் போர்டுக்குப் பயனர், எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்நுழையும் வழி), வைஃபை அமைப்புகளை இப்போதே கொடுக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை ஓஎஸில் 2022 ஏப்ரலுக்குப் பிறகு பை என்ற இயல்புநிலைப் பயனர் கிடையாது. 2023இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க்மேனேஜர் வந்துவிட்டதால், வைஃபை விவரங்களோடு பூட் பார்ட்டிஷனில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பை வைக்கும் பழைய முறையும் வேலை செய்யாது. பழைய குறிப்புகளைப் பின்பற்றி மணிக்கணக்கில் தவிப்பதைவிட, இமேஜரின் அமைப்புத் திரையிலேயே கொடுத்துவிடுங்கள். கர்னலுக்கான அமைப்புகள் உள்ள சிஎம்டிலைன் கோப்பைத் திருத்தினால் எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும். நடுவில் ஓர் என்டர் தட்டினால் அதற்குப் பின் உள்ளவை கர்னலுக்குப் போய்ச் சேராது.

9. முதல் பூட்

முதல் பூட்டில் பல ஓஎஸ்கள் ரூட் பார்ட்டிஷனைக் கார்டின் முழு அளவுக்கு விரிவாக்கி, எஸ்எஸ்எச் சாவிகளை உருவாக்கி, ஒருமுறை ரீபூட்டும் செய்யும். இடையில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். சில நிமிடம் பொறுமையாக இருங்கள்.

தானாக விரியாத இமேஜ் என்றால் முதலில் பார்ட்டிஷனை க்ரோபார்ட்டால் பெரிதாக்கி, பிறகு ரீசைஸ்2எஃப்எஸ்ஸால் ஃபைல்சிஸ்டத்தைப் பெரிதாக்குங்கள். ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் டேபிள் உள்ள இமேஜில், அந்த டேபிளின் நகலான மாற்று ஹெடர் டிஸ்க்கின் கடைசியில் இல்லை என்ற எச்சரிக்கை வரலாம். இமேஜ் கார்டைவிடச் சிறியது என்பதால் அந்த நகல் நடுவில் நிற்கிறது. எஸ்ஜிடிஸ்க்கின் இ விருப்பம் அதைக் கடைசிக்கு நகர்த்தும்.

10. இஎம்எம்சியில் எழுதுவது

இஎம்எம்சி பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அப்போது கழற்றி ரீடரில் போட முடியாது. வழிகள் இரண்டு.

எளியது, எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்து, உள்ளிருந்தே இஎம்எம்சியில் எழுதுவது. இங்கும் நான்காவது படியை விடாதீர்கள், ஏனென்றால் கார்டும் இஎம்எம்சியும் எம்எம்சிபிஎல்கே என்ற ஒரே வகைப் பெயரில்தான் வரும். ரூட் எதில் மவுண்ட் ஆகியிருக்கிறதோ அது கார்டு. எம்எம்சிபிஎல்கே1பூட்0, பூட்1 என்று கூடுதலாக வருவது எதுவோ அது இஎம்எம்சி. அந்த பூட் பகுதிகள் எஸ்டி கார்டுகளில் கிடையாது என்பதால் இது நம்பகமான அடையாளம். அவை இயல்பாகவே எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். போர்டின் ஆவணம் கேட்டாலொழிய தொடாதீர்கள்.

மற்றொரு வழி யுஎஸ்பி மூலம். ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூலில் ஜம்பரைப் போட்டு ஆர்பிஐபூட்டை ஓட்டினால், இஎம்எம்சி கணினியில் பென் டிரைவ் போலத் தெரியும். பிறகு நான்கு முதல் ஏழு வரை அதே படிகள். ராக்சிப்பில், யுஎஸ்பி வழியாக எழுத வைக்கும் மாஸ்க்ரோம் நிலைக்குப் போய் ஆர்கேடெவலப்டூல் கருவி, ஐ.எம்எக்ஸில் யுயுயு கருவி. யு-பூட் என்ற பூட்லோடர் ஏற்கெனவே ஓடும் போர்டில் யுஎம்எஸ் கட்டளையும் இஎம்எம்சியை யுஎஸ்பி டிரைவாகக் காட்டும்.

ஆண்ட்ராய்டு இமேஜ்களில், வெற்றிடங்களை விட்டுவிட்டுச் சேமிக்கும் ஸ்பார்ஸ் வடிவம் உண்டு. அதை டிடியால் நேரடியாக எழுத முடியாது. ஃபாஸ்ட்பூட் மூலம் எழுதுங்கள், இல்லையேல் சிம்ஜி2இமேஜால் சாதாரண இமேஜாக மாற்றிவிட்டு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் கார்டைக் கழற்றிவிட்டு பூட் செய்யுங்கள். ஒரே இமேஜை இரண்டிலும் எழுதியிருந்தால் பார்ட்டிஷன்களின் அடையாள எண்ணான யுயுஐடி ஒன்றாகவே இருக்கும். பூட்லோடர் ஒன்றிலிருந்தும் ரூட் மற்றொன்றிலிருந்தும் ஏறி, நீங்கள் செய்த மாற்றங்கள் எங்கே போகின்றன என்றே தெரியாது.

11. பூட் ஆகவில்லை என்றால்

சீரியல் கேபிளை மாட்டுங்கள். வேகம் பெரும்பாலும் 115200, ராக்சிப் போர்டுகளில் 1500000. வேகம் தவறானால் குப்பை எழுத்துகள் வரும். போர்டு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சான்றுதான்.

ஓர் எழுத்துகூட வரவில்லை, வேகத்தையும் கிரவுண்ட் இணைப்பையும் பார்த்தாயிற்று என்றால், பூட் ரோமுக்குப் பூட்லோடர் கிடைக்கவில்லை. தவறான இமேஜ், அல்லது பார்ட்டிஷனில் எழுதியது. யு-பூட் வந்து நின்றால் எழுத்து பெரும்பாலும் சரி, பிரச்சினை பூட் பார்ட்டிஷனில் அல்லது டிவைஸ் ட்ரீயில். கர்னல் ஓடி, ரூட்டுக்காகக் காத்து நின்றால் யுயுஐடி பொருந்தவில்லை அல்லது கார்டு டிரைவர் ஏறவில்லை. ராஸ்பெர்ரி பையில் கேபிள் இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு பேசும். திரும்பத் திரும்ப நான்கு முறை சிமிட்டினால் ஸ்டார்ட் கோப்பு இல்லை, ஏழு முறை என்றால் கர்னல் இல்லை.

புதிய கார்டைப் போட்டும் பழைய ஓஎஸே வருகிறதா? பூட் வரிசையைப் பாருங்கள். ராக்சிப்பின் ஆர்கே3399 சிப்பில் பூட் ரோம் முதலில் எஸ்பிஐ ஃபிளாஷ் மெமரி, பிறகு இஎம்எம்சி, கடைசியாகத்தான் எஸ்டி கார்டைப் பார்க்கும். இஎம்எம்சியில் பழைய பூட்லோடர் இருந்தால் அதுவே ஆட்சி செய்யும். ஆல்வின்னரில் எஸ்டி கார்டுக்கே முதலிடம்.

பூட் ஆகி நடுவில் ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தால் இமேஜை மறுபடி எழுதும் முன் பவர் அடாப்டரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மெல்லிய கேபிளில் வோல்ட் விழுந்தால், நன்றாக எழுதிய கார்டும் கெட்ட கார்டு போலவே நடந்துகொள்ளும்.